உண்ணும் வாயும் ஊட்டும் கையும்

ஆலயத் திருவிழா என்றால் அபிஷேகம், அலங்காரம், தேர்ப்பவனி ஆகியவற்றோடு அன்னதானமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அம்பாளின் சந்நிதியில் தீபாராதனை முடிந்ததும் சிறியோரும் பெரியோரும் தோட்டத்தாரும் நகரத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது நம் சமயம் காட்டும் சமத்துவத்தின் சிறந்த அடையாளம் என்றால் மிகையாகாது. ஆனால் அந்தப் பந்தியில் அமராமல் பிரசாதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மடப்பள்ளிச் சுவரோரமாகவே வீடு திரும்பும் அடியார் சிலரும் இருக்கின்றனர். வாயிலோ நாக்கிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டு, சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்று, உயிர் தப்பி வந்தவர்கள் அவர்கள். அம்பாளின் அருளால் பிழைத்தார்கள் என்று ஊரே மகிழ்கிறது. ஆனால் ஒரு கவளம் சோற்றை விழுங்க அவர்கள் படும் பாட்டை ஊர் அறிவதில்லை.

இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே ஆகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கையும் கூட்டிக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கமே இதற்கு முதற் காரணம். மலையில் கொழுந்து பறிப்பவரும் கவ்வாத்து வெட்டுபவரும் குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் துணையாக இதனைப் பழகிக்கொண்டனர். ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் நோயன்று. டன்சினன், சீன் முதலிய தோட்டங்களிலும் பூண்டுலோயா நகரிலும் வாழும் எவரது வீட்டுக் கதவையும் தட்டக்கூடிய நோயாகும்.

நோய் கண்டவர் பேராதனை பல் வைத்தியசாலைக்கும், கண்டி வைத்தியசாலைக்கும், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் அனுப்பப்படுகிறார். கதிர்ச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறு அல்லது ஏழு வாரங்கள் வரை நீடிப்பது வழக்கம். அந்தக் கதிர் நோயை எரிப்பதோடு நிற்பதில்லை. வாயினுள்ளே புண் உண்டாகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றுகின்றன. சுகதேகியான ஒருவருக்கு ஒரு நாளில் அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது இல்லாதபோது சோறு மணலைப் போலவும் பாண் பஞ்சைப் போலவும் வாயில் ஒட்டிக்கொள்கிறது. நாவின் சுவை மாறிவிடுகிறது. தாடை இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறவாமற் போவதும் உண்டு. பலருக்குச் சில காலம் மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாய் வைத்துத்தான் ஆகாரம் கொடுக்க நேரிடுகிறது.

சிகிச்சை முடிந்து லயத்துக்குத் திரும்பி வருபவருக்கு அங்கே காத்திருப்பது என்ன? கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல், தேத்தண்ணி. உழைக்கும் மக்களின் இந்த அன்றாட உணவு, உமிழ்நீர் வற்றிய வாய்க்கு மிகக் கடினமானது. ரொட்டி மென்றாலும் கரையாது; சம்பலின் உறைப்பு நெருப்பாய்ச் சுடும். வீட்டார் எல்லோரும் பத்து நிமிடத்தில் உண்டு எழுந்துவிட, அவர் மட்டும் ஒரு கிண்ணக் கஞ்சியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இருமல் வரும், கண்ணில் நீர் வரும், உதட்டோரம் கஞ்சி வழியும். பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் அவர் தனியே உண்ணத் தொடங்குவார். நாளடைவில் கலியாண வீட்டுக்கும் போகமாட்டார், கோயிற் பந்திக்கும் வரமாட்டார்.

இத்தகையவரைப் பார்க்கும்போது ஆறுதலாக நாம் சொல்லும் வார்த்தைகள் உண்டு. உயிர் பிழைத்ததே பெரிது, சோறா முக்கியம் என்போம். நாக்கை அடக்குவதுதானே ஞானம், அம்பாளே உங்களுக்கு அந்தப் பக்குவத்தைத் தந்துவிட்டாள் என்போம். இவை நல்ல மனத்தோடு சொல்லப்படுபவைதாம். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. உயிர் பிழைத்த ஒருவர் மீண்டும் சோறு உண்ண ஆசைப்படுவது உலகப் பற்றா? அதற்காக இறைவனிடம் மன்றாடுவது பக்திக்குக் குறைவா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, இதே வேதனையைத் தம் உடலில் அனுபவித்த ஒரு மகானின் வரலாறு வழிகாட்டுகிறது.

1897ஆம் ஆண்டு கொழும்பில் வந்திறங்கி, கண்டி வழியாக யாழ்ப்பாணம் சென்று, நம் நாட்டு மக்களுக்கு ஆன்மீக எழுச்சி ஊட்டிய சுவாமி விவேகானந்தரை அறியாதார் இலர். அவரது குருநாதரான பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயினாலேயே தமது ஐம்பதாவது வயதில் உடலை நீத்தார். 1885ஆம் ஆண்டு அவரது தொண்டையில் வலி ஆரம்பித்தது. சிகிச்சைக்காக அவர் தட்சிணேசுவரத்திலிருந்து கல்கத்தாவின் சியாம்புகூருக்கும், அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் காசிப்பூர்த் தோட்ட வீட்டுக்கும் அழைத்துச் செல்லப்பட்டார். புகழ்பெற்ற வைத்தியர் மகேந்திரலால் சர்க்கார் அவருக்கு மருந்து கொடுத்தார். ஆயினும் நோய் முற்றியது. திட ஆகாரம் நின்றது. பின்னர்க் கஞ்சியும் பாலும் இறங்குவதே கடினமாயிற்று.

அக்காலத்தில் பண்டிதர் ஒருவர் அவரிடம் வந்து, தங்களைப் போன்ற யோகிகள் மனத்தை நோயுற்ற இடத்தில் நிறுத்தினால் நோய் நீங்கும் என்று சாத்திரங்கள் கூறுகின்றனவே, அப்படிச் செய்யலாகாதா என்று கேட்டார். இறைவனிடம் ஒப்படைத்துவிட்ட மனத்தை அங்கிருந்து எடுத்து இந்த எலும்பும் சதையுமான கூட்டில் எப்படி வைப்பது என்று பரமஹம்சர் மறுத்துவிட்டார். பண்டிதர் போனதும் நரேந்திரரும் (அவரே பின்னாளில் விவேகானந்தர்) மற்றச் சீடர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டனர். தங்களுக்காக வேண்டாம், எங்களுக்காகவாவது தாயிடம் கேளுங்கள் என்று வற்புறுத்தினர். அன்பின் பிடிவாதத்துக்கு மகானும் இணங்கவேண்டியதாயிற்று. சில மணி நேரம் கழித்து நரேந்திரர் வந்து விசாரித்தபோது பரமஹம்சர் நடந்ததைக் கூறினார். வலியினால் ஒன்றும் உண்ண முடியவில்லை, சிறிதளவாவது உண்ணும்படி செய் என்று காளி அன்னையிடம் கேட்டாராம். அன்னையோ சீடர்கள் அனைவரையும் சுட்டிக்காட்டி, இத்தனை வாய்களால் நீ உண்டுகொண்டுதானே இருக்கிறாய் என்றாளாம். அதற்குமேல் பேச நாணி மௌனமாகிவிட்டதாக அவர் சொன்னார்.

இந்நிகழ்ச்சி பிரசங்க மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. எல்லா உயிரும் ஒன்றே என்ற அத்வைத உண்மைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் இதனை நோயாளிக்கு உபதேசமாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர். அந்த வார்த்தை அன்னை பரமஹம்சருக்குச் சொன்ன வார்த்தை. அவர் அதைத் தம்மைப் பற்றிச் சொன்னார். நோயுற்ற வேறொருவரைப் பார்த்துச் சொல்லவில்லை. நாங்கள் உண்கிறோம், அது நீங்கள் உண்டதாகும் என்று அவருடைய சீடர்களும் அவரிடம் சொல்லவில்லை. வயிறு நிறைய உண்டவன் பசித்தவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது வேதாந்தம் ஆகாது, இரக்கமின்மையே ஆகும். ஞானியின் வாயில் அமுதமாக இருக்கும் சொல், அயலவரின் வாயில் நஞ்சாகிவிடக்கூடும்.

அந்தக் காசிப்பூர் வீட்டில் இன்னொரு தாயும் இருந்தார். அவர்தாம் அன்னை ஸ்ரீ சாரதாதேவியார். கணவரின் உணவைத் தயாரிக்கும் பொறுப்பு முழுவதும் அவருடையதாக இருந்தது. சியாம்புகூரில் பெண்களுக்கெனத் தனி அறை இல்லாத வீட்டில், விடியுமுன்னே எழுந்து நீராடி, மாடிப்படியருகே இருந்த ஒடுங்கிய இடத்தில் பகல் முழுதும் இருந்துகொண்டு அவருக்கான ஆகாரத்தைப் பக்குவம் செய்தார். காசிப்பூரில் ஒருநாள் பால் பாத்திரத்துடன் படியேறும்போது தலைசுற்றி விழுந்து காலில் அடிபட்டுக்கொண்டார். கணவரின் நோய் நீங்கவேண்டும் என்று தாரகேசுவரம் சென்று சிவபெருமான் சந்நிதியில் அன்னமும் நீருமின்றி இரண்டு நாட்கள் கிடந்தார். வேண்டியது கிடைக்கவில்லை என்றறிந்து திரும்பியபின்னும் அடுப்பங்கரையை விட்டு அவர் விலகவில்லை. இறங்கும் பதத்தில் கஞ்சியைக் காய்ச்சி ஊட்டும் பணி இறுதிவரை தொடர்ந்தது.

ஆக, காளி மாதா அளித்த விடை ஒன்று. சாரதா மாதா அளித்த விடை மற்றொன்று. முன்னவள், நீ எல்லா வாய்களாலும் உண்கிறாய் என்றாள். பின்னவரோ, இந்த ஒரு வாயால் எவ்வளவு உண்ண முடியும் என்று பார்த்துச் சிறு பாத்திரத்தில் சமைத்தார். முதல் விடை இறைவன் சொல்லவேண்டியது. அதைத் தன் உள்ளத்தில் கேட்கும் பேறு நோயுற்றவருக்கு உரியது. இரண்டாவது விடைதான் மனிதராகிய நாம் செய்யவேண்டியது. இரண்டையும் இடம்மாற்றிக்கொள்வதே நாம் செய்யும் தவறு.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. 1886 ஆகஸ்ட் 15ஆம் திகதி மாலை பரமஹம்சருக்கு மூச்சுத் திணறியது. பசிக்கிறது என்றார். வாயில் விடப்பட்ட கஞ்சியில் சிறிது உள்ளே சென்றது. மீதி நாடியில் வழிந்தது. பின்னர்ச் சமாதி நிலையில் ஆழ்ந்து, நள்ளிரவுக்குப் பின் கண்விழித்தவர் மிகுந்த பசியோடு ஒரு கிண்ணம் கஞ்சியைத் தாமே உண்டார் என்று வரலாறு கூறுகிறது. அன்று அதிகாலையிலேயே அவர் உடல் நீத்தார். தேகப் பற்றை முற்றாகத் துறந்த பரமஹம்சரும் பசிக்கிறது என்றுதான் சொன்னார். அவரது நாடியிலும் கஞ்சி வழிந்தது. அப்படியிருக்க, துவாயை நாடியில் பிடித்துக்கொண்டு உண்ணும் எளிய மனிதர் ஏன் நாணவேண்டும்? அவரைப் பார்த்து முகம் திருப்பும் தகுதி யாருக்கு உண்டு? இது செய்த பாவத்தின் சம்பளம் என்று முணுமுணுப்பவர்களுக்கும் இவ்வரலாறே பதில் சொல்லிவிடுகிறது.

இனி, இறைவனிடம் கேட்கலாமா என்ற கேள்வி. பரமஹம்சர் கேட்கத் தயங்கினார் என்பதால் கேட்பது குற்றமாகிவிடாது. நம் சைவ மரபில் திருநாவுக்கரசு சுவாமிகள் கொடிய சூலை நோயால் துடித்தபோது, தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்து, வலியைத் தீர்க்கும்படி வாய்விட்டுப் பாடியே கேட்டார். இறைவன் அவரைக் கடியவில்லை, ஆட்கொண்டார். கேளாத பக்தியும் பக்தி, கேட்கும் பக்தியும் பக்தி. பசித்த குழந்தை தாயிடம் கேட்பதில் இழுக்கு ஏது? மீண்டும் ஒருபிடி சோறு உண்ணவேண்டும் என்று சந்நிதியில் நின்று கண்ணீர் விடுபவரின் வேண்டுதல், பதவியும் பணமும் கேட்கும் வேண்டுதலைவிடத் தாழ்ந்ததாக இருக்க முடியாது.

தைத்திரீய உபநிடதத்தில் பிருகு என்னும் மாணவன் பிரம்மத்தைத் தேடும்போது முதன்முதலில் கண்டறிவது அன்னமே பிரம்மம் என்பதுதான். அதற்குப் பிறகே பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் என்று மேலே செல்கிறான். பிரம்ம ஞானத்தின் முதற்படியாக அன்னத்தை வைத்த சமயம், சோற்றுக்கு ஏங்குபவரை இழிவாக நினைக்கச் சொல்லாது. அதுமட்டுமன்று. உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று உணவை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். பகவத்கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் கண்ணபிரான், தாமே வைசுவாநரன் என்னும் அக்கினியாக உயிர்களின் உடலில் நின்று நால்வகை உணவையும் செரிக்கச் செய்வதாகக் கூறுகிறார். அங்கே மெல்லும் உணவு உயர்ந்தது, பருகும் உணவு தாழ்ந்தது என்ற பேதம் இல்லை. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்த்து வழிபடுவதும் நம்மவர் மரபுதானே! கூழாக உண்டாலும் குழாய் வழியே சென்றாலும் அது அன்னமே. அதை ஏற்பவள் உள்ளிருக்கும் அம்பாளே.

இன்றைய வைத்திய விஞ்ஞானமும் இவர்களுக்கான உணவைப் படிப்படியாகவே வகுத்திருக்கிறது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்காகச் சர்வதேச ரீதியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அட்டவணை ஒன்று உண்டு. தண்ணீர் போன்றது பூச்சியம், வழமையான உணவு ஏழு என அதில் எட்டுப் படிகள் உள்ளன. தண்ணீர் எளிது என்று நாம் எண்ணுவோம். ஆனால் சிலருக்குத் தண்ணீர்தான் சுவாசக் குழாய்க்குள் புகுந்து நெஞ்சில் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். அவர்களுக்குத் தடிப்பான கஞ்சியே பாதுகாப்பானது. ஒரு மிடறு விழுங்குவதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் ஒன்றுசேர்ந்து இயங்கவேண்டும். பயன்படுத்தாத தசை பலமிழக்கும். ஆகையால் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்து, விழுங்கும் பயிற்சி அளிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் இருக்கின்றனர். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் அவர்கள் பயிற்றப்படுகின்றனர். பேச்சுக்கு மட்டும்தான் அவர்கள் என்று எண்ணிவிடாமல், கிளினிக்கில் கேட்டு அவர்களிடம் செல்லவேண்டும். சுவை பல மாதங்களில் மெல்ல மெல்லத் திரும்புகிறது. வாய் வரட்சி சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. பழையபடி எல்லாவற்றையும் உண்ணும் நிலை எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. ஆனால் கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கும், குழைந்த சோற்றிலிருந்து இட்டலிக்கும் ஏறிய ஒவ்வொரு படியும் மலைக்கோயிற் படி ஏறியதற்கு ஒப்பானதாகும்.

இனி நம் கடமைகள் எவை என்று பார்ப்போம்.

முதலாவது, வீட்டில் உள்ளவர்களின் கடமை. இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று வற்புறுத்துவதும், ஏன் இவ்வளவு நேரம் என்று அவசரப்படுத்துவதும் இரண்டுமே துன்பம் தருபவை. அவருக்கென உறைப்பில்லாமல், குழம்பும் பாலும் ஊற்றிக் குழைத்துத் தனியே எடுத்துவைப்பதும், அவர் உண்டு முடியும்வரை யாராவது ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதும் சாரதா அன்னையின் வழியாகும். மலைவேலைக்கு விடியற்காலையிலேயே போகவேண்டிய பெண்ணுக்கு இது எளிதன்று என்பதையும் மறக்கலாகாது. பக்கத்துக் காம்பராவில் உள்ளவர் ஒருநேரக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்தால் அதுவும் அன்னதானமே.

இரண்டாவது, ஆலயத்தின் கடமை. அன்னதான நாளில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் மடப்பள்ளியில், ஒரு சிறு பாத்திரத்தில் உறைப்பில்லாத, நன்கு குழைந்த பொங்கலோ கஞ்சியோ வைப்பது பெரிய செலவன்று. பந்தி எழும்பியபின் இலையை எடுக்க அவசரப்படாமல், மெதுவாக உண்பவர்கள் இறுதிவரை அமர்ந்திருக்க ஓரிடம் ஒதுக்குவதும் அவ்வாறே. பெரிய அண்டாவில் அன்னதானத்தின் சிறப்புத் தெரியும்; அந்தச் சிறு பாத்திரத்தில்தான் அதன் கருத்து விளங்கும்.

மூன்றாவது, நேர்த்திக்கடன் பற்றியது. நோய் தீர்ந்தால் நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்துவதாக நேர்ந்துகொள்பவர்கள் உண்டு. கதிர்ச் சிகிச்சை பெற்ற இடத்தில் காயம் ஏற்பட்டால் ஆறுவது மிகக் கடினம், ஆபத்தும் நேரலாம். உடல் மெலிந்த நிலையில் உபவாசம் இருப்பதும் அத்தகையதே. தான் காத்துக்கொடுத்த வாயை மீண்டும் புண்ணாக்கும்படி எந்தத் தாயும் கேட்கமாட்டாள். நேர்ந்தவர் ஆலயக் குருக்களிடம் சொல்லிப் பாற்குடமாகவோ மலர் வழிபாடாகவோ மாற்றிச் செலுத்தலாம்.

நான்காவது, இன்னும் நோய் வராதவர்களின் கடமை. புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும், அதுவும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. தாம்பூலம் மங்கலப் பொருள். அதை அம்பாளுக்கு நிவேதிப்பது மரபு. நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும்படி எந்த ஆகமமும் சொல்லவில்லை. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு கண்டாலும், புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும், வாய் திறப்பது குறைந்தாலும் உடனே பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆரம்பத்தில் கண்டால் முற்றாகக் குணமாக்கக்கூடிய நோய் இது.

சோறு உண்பது ஒருவர் தனியே செய்யும் காரியமன்று. விதைத்தவரும் சமைத்தவரும் பரிமாறியவரும் அருகிருந்தவரும் சேர்ந்தே ஒரு கவளத்தை ஒருவர் வாய்க்குக் கொண்டுவருகின்றனர். நலமாக இருக்கும்போது அது நமக்குப் புலப்படுவதில்லை. ஒரு கவளம் இறங்க ஒரு மணி நேரமாகும் மனிதரின் அருகே அமர்ந்து பார்க்கும்போதுதான் அந்த உண்மை விளங்குகிறது. எல்லா வாய்களாலும் அம்பாள் உண்கிறாள் என்பது மெய்யானால், அந்த நோயுற்ற வாயாலும் அவளே உண்கிறாள். அப்படியாயின் அடுத்த திருவிழாப் பந்தியில் சுவரோரமாகத் திரும்பிப் போக முயலும் அடியாரின் கையைப் பிடித்து, வாங்க ஐயா, வாங்க அம்மா, உங்களுக்கென்று எடுத்துவைத்திருக்கிறோம், ஆறுதலாகச் சாப்பிடலாம் என்று அழைத்து அமர்த்துவதே அவளுக்குச் செய்யும் உண்மையான நைவேத்தியமாகும்.

நோயுற்றோருக்குத் தேக பலத்தையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும், உண்டு களித்திருக்கும் நம் அனைவருக்கும் பிறர் பசியறியும் உள்ளத்தையும் எல்லாம் வல்ல அம்பாள் அருள்வாளாக!